சுருட்டுப் பரீட்சை

உபாத்தியாயர் தொழிலில் ஓர் உபத்திரவம் உண்டு. நாளடைவில் கண்ணில் பட்டதற்கெல்லாம் மார்க்குப் போடத் தோன்றிவிடும். கல்யாண வீட்டில் சாம்பார் பரிமாறினால், "100-க்கு 55" என்று மனம் தானாகவே கணக்குப் போடும். கச்சேரியில் வித்வான் தொண்டையைக் கனைத்துக் கொள்ளும்போதே, "இன்றைக்கு 40-ஐத் தாண்டமாட்டார்" என்று முடிவு கட்டிவிடும். வீட்டில் அகமுடையாள் போடும் காப்பிக்கு மட்டும் இருபது வருஷமாக 100-க்கு 100 கொடுத்து வருகிறேன். அதற்குக் காரணம் காப்பி மாத்திரம் அல்ல என்பதைக் குடும்பஸ்தர்களான நேயர்கள் ஊகித்துக் கொள்வார்கள்.

இத்தனைக்கும் மார்க்குப் போட்ட நான், சுருட்டுக்கு மார்க்குப் போடுவேன் என்று சொப்பனத்திலும் நினைத்ததில்லை. சென்ற ஆனி மாதத்தில், எங்கள் கூத்தாநல்லூரில், அதுவும் நேர்ந்துவிட்டது.

கூத்தாநல்லூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றிலும் நெல் வயல். நடுவில் மாடமாளிகை போன்ற வீடுகள். அந்த வீடுகளில் பெரும்பாலானவை ரங்கூனிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. ஆகையால் எங்கள் ஊரில் எந்த நாட்டுச் சாமானைக் கண்டாலும் ஜனங்கள் ஆச்சரியப்படுவதில்லை. என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, "ஸார், உங்களுக்கு ஒரு விசேஷம் காட்டவேண்டும், வீட்டுக்கு வாருங்கள்" என்று அழைத்தான். போனேன். கூடத்தில் அவனுடைய பாட்டனார், எண்பது வயதைத் தாண்டிய ராவுத்தர், சாய்வு நாற்காலியில் வீற்றிருந்தார். மேஜை மேல் ஒரு மரப் பெட்டி. அதற்குள் பட்டாளத்துச் சிப்பாய்களைப் போல் வரிசையாகப் படுத்திருந்தன, கியூபா தேசத்து ஹவானா சுருட்டுகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் பொன் எழுத்துப் பதித்த காகித மோதிரம்.

"உலகத்திலேயே உயர்ந்த சுருட்டு இதுதான், ஸார்" என்றான் பையன்.

விலையைக் கேட்டேன். சொன்னான். அந்த ஒரு சுருட்டின் விலைக்கு உறையூர்ச் சுருட்டுக் கட்டுக் கட்டாக வாங்கலாம்!

பெயர்களின் ஊர்வலம்

நான் சுருட்டுப் பிடிப்பவன் அல்ல. ஆனால் என் தகப்பனார் பிடிப்பார். திருச்சியில் நான் கல்லூரியில் படித்த நாட்களில், ஊருக்கு வரும்போதெல்லாம் உறையூருக்குப் போய் அவருக்குச் சுருட்டு வாங்கி வருவது என் கடமை. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவர் ஒரே ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். ஆகவே, "உலகத்திலேயே உயர்ந்தது ஹவானா" என்று ஒருவன் சொன்னதும் எனக்குச் சுதேச ரத்தம் கொதித்தது. அங்கேயே ஒரு பிரசங்கம் செய்துவிட்டேன்.

"தம்பி, இங்கிலீஷ்காரன் 'செரூட்' என்கிறானே, அது எந்தப் பாஷை? நம்முடைய சுருட்டுத்தான்! 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்த வார்த்தை அவன் நாக்கில் ஏறிவிட்டது. 1887-ஆம் ஆண்டில் கோனான் டாயில் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலே, கொலையாளி பிடித்த சுருட்டு இன்னதென்று துப்பறியும் சிங்கம் கண்டுபிடிப்பது எதைக் கொண்டு? தரையில் உதிர்ந்து கிடந்த சாம்பலைக் கொண்டு! கறுத்துச் செதில் செதிலாக உதிரும் அந்தச் சாம்பல் திருச்சிச் சுருட்டுக்கே உரியது என்று கண்டுகொள்கிறான். லண்டன் பட்டணத்துக் கடைகளில் 'ஃப்ளோர் டி திண்டுக்கல்' என்று பெயர் வைத்து நம் சுருட்டை விற்றார்கள். ஸ்பானியப் பாஷையில் 'திண்டுக்கல்லின் மலர்' என்று அர்த்தம். சென்னை ஸ்பென்ஸர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்து நடத்திற்று. பக்கத்திலுள்ள வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று 1948-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. சர்ச்சில் துரைகூடத் திருச்சிச் சுருட்டுத்தான் பிடித்தார் என்று திருச்சியில் இன்றைக்கும் சொல்வார்கள்."

சர்ச்சில் பெயரைச் சொன்னதுமே நாக்கைக் கடித்துக் கொண்டேன். 1931-ஆம் ஆண்டில் காந்தி மகாத்மாவை "அரை நிர்வாணப் பக்கிரி" என்று ஏளனம் செய்த மனிதரிடமிருந்து நமக்கு நற்சாட்சிப் பத்திரம் எதற்கு?

இதுவரையில் கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்த பெரியவர் மெள்ளச் சிரித்தார்.

"வாத்தியார் ஐயா! பேரன் மோதிரத்தைக் காட்டுகிறான். நீங்கள் ஷெர்லாக் ஹோம்ஸையும் சர்ச்சிலையும் காட்டுகிறீர்கள். இரண்டு பேரும் சுருட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?"

எனக்குச் சுருக்கென்றது. பெரியவருடைய தகப்பனார் 1942-ஆம் ஆண்டில், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, பர்மாவிலிருந்து கால்நடையாகக் காடு மலை கடந்து வந்தவர். பெரியவரோ பிற்பாடு மலேயாவில் நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர். சுருட்டு விஷயத்தில் அவர் மூக்கு ஒரு நீதி ஸ்தலம் என்று ஊரில் பெயர். மார்பு நோய் வந்து, வைத்தியர் தடுத்துவிட்டதால் பத்து வருஷமாக அவர் பிடிப்பதில்லை. மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை.

"பரீட்சைப் பேப்பரில் பையன் பெயரை மறைத்து நம்பர் போட்டுத்தானே உங்களிடம் கொடுக்கிறார்கள்? அப்படியே செய்வோம்" என்றார்.

பையன் ஏற்கெனவே திருச்சிக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் உறையூர்ச் சுருட்டும் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தான். இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தார்கள். ஆனால் மோதிரத்தைக் கழற்றினால் மட்டும் போதாது. ஹவானாவுக்கு வாய்ப் பக்கத்தில் இலையால் தொப்பி தைத்திருக்கும். நம் நாட்டுச் சுருட்டு இரு முனையும் திறந்தது. நிறமும் வேறு, சாம்பலும் வேறு. ஆகவே, பெரியவர் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டிவிட்டார்.

கண்ணைக் கட்டி மார்க்கு

மார்க்குப் பட்டியலைப் பெரியவர் சொல்ல, பையன் எழுதிக்கொண்டான். தோற்றம் 10, கட்டு 20, இழுப்பு 20, எரிவு 20, மணமும் ருசியும் 30, ஆகக்கூடி 100. தோற்றத்துக்கும் எரிவுக்கும் கண் வேண்டும். அவை பெரியவர் பொறுப்பு. மற்ற மூன்றும் என் பொறுப்பு. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால், ருசி பார்ப்பது என்றால் நாக்கில் வைத்து "பேஷ்" என்று சொல்வதல்ல என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் கட்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, சுருட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரையில் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கல்லைப் போலவும் ஓரிடத்தில் பஞ்சைப் போலவும் இருந்தால் மார்க்குக் குறையும். சுருட்டில் மூன்று பாகம் உண்டு: உள்ளே அடைக்கிற இலை, அதைப் பிடித்து நிறுத்துகிற கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே அழகுக்குச் சுற்றுகிற மேலிலை. உள்ளிலையை முறுக்கி வைத்தால் புகை அடைத்துக்கொள்ளும். வேஷ்டி கொசுவத்தைப் போல் நீளவாட்டில் மடித்து வைத்தால் காற்றுக்கு வழி இருக்கும். உறையூரில் நான் பார்த்த கூடத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலகைமேல் இலையைப் பரப்பிக் கத்தியால் நறுக்கி, ஒரே உருட்டில் சுருட்டை முடித்த கைகள் எனக்கு ஞாபகம் வந்தன. கண்ணால் அளக்காமல் கையாலேயே அளந்தார்கள்.

அடுத்தது இழுப்பு. பற்றவைப்பதற்கு முன்பே ஒரு முறை வெறுமனே இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று தாராளமாக வரவேண்டும். ஆனால் ஓட்டைக் குழல் மாதிரியும் வரக்கூடாது. பிறகு நெருப்பு. தீக்குச்சியின் ஜ்வாலையைச் சுருட்டின்மேல் படவிடாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து, முனை முழுதும் சமமாகச் சிவக்கும்படி சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் கூடாது. அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். புகையை மார்புக்குள் இழுக்காமல் வாயிலேயே நிறுத்தி விட்டுவிட வேண்டும்.

எரிவு என்பது நெருப்பு வளையம் கோணாமல் இறங்குகிறதா, சாம்பல் விரற்கடை அளவுக்காவது உதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பது. கடைசியில் ருசி. அதையும் மூன்று பங்காகப் பிரித்து மார்க்குப் போட வேண்டும். முதல் பங்கில் இலையின் இயல்பு தெரியும். நடுப் பங்கில் கலவையின் நயம் தெரியும். கடைசிப் பங்கில் குற்றம் எல்லாம் வெளிப்பட்டுவிடும். செடியின் அடியிலை நன்றாக எரியும். நடுவிலை மணம் தரும். வெயிலை அதிகமாகக் குடித்த நுனியிலைக்கு வீரியம் அதிகம், ஆனால் லேசில் எரியாது. இம்மூன்றையும் எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதில்தான் சுருட்டுக்காரனுடைய வித்தை இருக்கிறது.

முதல் நம்பர் சுருட்டு வந்தது. விரலுக்குச் சருகைப் போல் பட்டது. இழுத்தால் புகை சூடாக வந்து நாக்கைக் கடித்தது. வைக்கோல் எரிகிற வாசனை. நடுவில் இரண்டு தடவை அணைந்துவிட்டது. மொத்தத்தில் 55 மார்க்கு.

இரண்டாம் நம்பர் சுருட்டு விரலுக்குள் மெத்தென்று அழுந்தி மீண்டது. முதலில் மிளகு வறுத்த மாதிரி ஒரு நெடி. பிறகு ஈர மண்ணும் காப்பிக்கொட்டையும் கலந்தாற்போல் ஒரு வாசனை. கடைசி வரையில் கசக்கவே இல்லை. தாராளமாக 84 கொடுத்தேன்.

துண்டை அவிழ்ப்பதற்கு முன்பே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். "இரண்டாவதுதான் உறையூர்! இந்தக் கம்பீரம் திண்டுக்கல் மண்ணைத் தவிர வேறெங்கும் வராது. முதலாவது வெறும் பகட்டு. மோதிரம் போட்ட சருகு!"

துண்டை அவிழ்த்தார்கள். பையன் முகத்தைத் திருப்பிக் கொண்டு சிரித்தான். முதல் நம்பர்தான் உறையூர். இரண்டாம் நம்பர், ஹவானா.

நேயர்களே, அன்று நான் பட்ட வெட்கத்தைச் சொல்லி முடியாது. தோற்றுப் போனது பெரிதல்ல. ஹவானா மோதிரத்தைப் பார்த்து மயங்குகிற பையனைப் பரிகசித்தேன் அல்லவா? என் மனத்துக்குள்ளும் ஒரு மோதிரம் இருந்தது. அதன்மேல் "சுதேசி" என்று பொன் எழுத்தில் பொறித்திருந்தது. கண்ணைக் கட்டிய பிறகும் அந்த மோதிரத்தை நான் கழற்றவில்லை. ருசித்ததெல்லாம் நம்முடையது, ருசிக்காததெல்லாம் பிறருடையது என்று வைத்துக்கொண்டால், அந்த அபிமானத்தினால் உறையூருக்கு என்ன லாபம்? அதன் குறையும் தெரியாது. குறையைத் தீர்க்கும் வழியும் தெரியாது.

இன்னொன்றும் உறுத்திற்று. இருபது வருஷம் ஒரே வீட்டில் நான் முகர்ந்த வாசனை அது. என் தகப்பனாருடைய வாசனை. அதையே எனக்கு அடையாளம் தெரியவில்லையே!

மறு மதிப்பீடு

பெரியவர் முதல் நம்பர்ச் சுருட்டின் மிச்சத்தை வாங்கி, காதருகில் வைத்து உருட்டினார். சலசல என்று சத்தம் கேட்டது.

"கேட்டீர்களா? இலை மேல் பிசகு இல்லை, சுருட்டிய கைமேலும் பிசகு இல்லை. வைத்தவன்மேல் பிசகு. கண்ணாடி ஜாடியில் போட்டு வெயில் படுகிற இடத்தில் வைத்திருந்தான் என்று பேரனே சொன்னான். இங்கே கொண்டுவந்து ஒரு மாதம் அலமாரியில் கிடந்தது. ஆனி மாதத்து மேல்காற்றில் அது பிழைக்குமா?"

பிறகு அவர் சொன்ன உபமானத்தைத் தஞ்சை ஜில்லாக்காரர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். நெல்லை நன்றாக விளைத்தால் மட்டும் போதாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் தள்ளிவிடுவது விதி. அதிகமாகக் காய்ந்தாலோ ஆலையில் அரிசி நொறுங்கும். விளைச்சல் ஒரு வித்தை, வைப்பு ஒரு வித்தை. சுருட்டுக்கும் அப்படியே. அதைச் சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வரையில் இருக்க வேண்டும். குறைந்தால் இலையின் எண்ணெய்ப் பசை வற்றி, மணம் போய், வாயைச் சுடும். மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். ஹவானாச் சுருட்டு கியூபாவில் பெட்டிக்குள் போனது முதல், மேஜைக்கு வருகிற வரையில் இந்தக் கணக்குத் தவறாமல் காப்பாற்றப்படுகிறது. பல ஆயிரம் ரூபாயில் ஒரு பங்கு மோதிரத்துக்கு. ஒரு பங்கு, சந்தேகமில்லாமல், இந்த வைப்புக்கு.

"அப்படியானால் உறையூருக்கு மறு மதிப்பீடு கொடுக்க வேண்டும்" என்றேன். பரீட்சை எழுதின பையனுக்கு உள்ள உரிமை சுருட்டுக்கு மட்டும் இல்லையா?

பையன் திருச்சிக்குப் போய், சுருட்டுகிற இடத்திலேயே புதிதாக ஒரு கட்டு வாங்கி வந்தான். அதில் ஒரு சங்கடம். புகையிலையில் ஒரு சிறு வண்டு முட்டை இட்டிருக்கும். உஷ்ணம் அதிகமானால் அது பொரிந்து, குண்டூசி குத்தினாற்போல் சுருட்டைத் துளைத்துவிடும். நம் சீதோஷ்ணத்தில் இது சர்வ சாதாரணம். அதற்கு வைத்தியம், சுருட்டைக் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் சில நாள் வைப்பது. பையன் வீட்டில் இடம் இல்லாமல் அந்தக் கட்டு என் வீட்டுக்கு வந்தது. "பால் வைக்கிற பெட்டியில் புகையிலையா?" என்று அகமுடையாள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் நாலு நாள் பதில் சொல்லிக் கொண்டிருந்தேன். அதன்பிறகு, பெரியவருடைய பழைய தேக்குப் பெட்டியில், ஓர் அகல் விளக்குக்குள் ஈரப் பஞ்சை வைத்து, ஈரமானி ஒன்றும் வைத்து, சுருட்டுகளை நான்கு மாதம் உறங்க விட்டோம்.

ஐப்பசி மாதம். வெளியில் நல்ல மழை. மறுபடியும் கண்ணைக் கட்டினார்கள். மறுபடியும் இரண்டு நம்பர்.

முதலில் கொடுத்ததைப் பற்றவைத்து, இரண்டாவது இழுப்பில் கையை நிறுத்திவிட்டேன். மிளகு இல்லை, காப்பிக்கொட்டை இல்லை. திண்ணை, இராச் சாப்பாடு முடிந்த வேளை, மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு, "நாளைக்குக் கணக்குப் பரீட்சையா? தூங்கப் போ" என்று சொல்கிற குரல். கண்ணைக் கட்டியிருந்தது நல்லதாயிற்று.

"இது உறையூர்" என்றேன்.

"மார்க்கு?" என்றார் பெரியவர். உபாத்தியாயரை உபாத்தியாயராகவே நடத்துகிற மனிதர் அவர்.

போட்டேன். தோற்றம் 7, மேலிலையில் நரம்பு துருத்திக்கொண்டிருப்பதாகப் பெரியவர் சொன்னார். கட்டு 14, இழுப்பு 16, எரிவு 15, மணமும் ருசியும் 24, ஆகக்கூடி 76. இரண்டாவதாக வந்த ஹவானாவுக்கு 82. தகப்பனாருடைய சுருட்டு என்பதற்காக ஒரு மார்க்கும் கூட்டவில்லை. கடைசிப் பங்கில் கொஞ்சம் காரம் முந்துகிறது; கட்டு இன்னும் ஒரே சீராக இருக்கலாம். ஆனால் 55-க்கும் 76-க்கும் நடுவில் உள்ள 21 மார்க்கை யோசித்துப் பாருங்கள்! அதைப் பெறுவதற்குக் கியூபாவிலிருந்து விதை கொண்டுவரவில்லை, இயந்திரம் வாங்கவில்லை. ஒரு மரப் பெட்டி, ஓர் அகல், நான்கு மாதப் பொறுமை, அவ்வளவுதான். நம் நாட்டில் கைத்தொழில் கெட்டுவிட்டது என்று புலம்புகிறோமே, அதில் எத்தனை பங்கு செய்கிறவன் கையில் கெட்டது, எத்தனை பங்கு விற்கிறவன் அலமாரியில் கெட்டது என்று யாராவது பிரித்துக் கணக்குப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

விடுபட்ட கேள்வி

இத்துடன் நிறுத்திவிட்டால் கட்டுரை சுபமாக முடிந்துவிடும். ஆனால் பேப்பர் திருத்துகிறவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் கூட்டல் போடக் கூடாது.

என் தகப்பனார் சிகரெட் தொட்டவர் அல்ல. "புகையை நான் உள்ளுக்கு இழுப்பதில்லை, ஆகையால் பாதகம் இல்லை" என்பார். நாங்களும் நம்பினோம். முதலில் அவர் குரல் கம்மிற்று. மழைக்காலத்துச் சளி என்று இரண்டு மாதம் கஷாயம் கொடுத்தோம். அப்புறம்தான் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. எங்கள் பள்ளியின் ரசாயன உபாத்தியாயர் பிற்பாடு எனக்கு விஷயத்தை விளக்கினார். சிகரெட்டுப் புகைக்கு அமிலத் தன்மை. சுருட்டுப் புகைக்குச் சுண்ணாம்பைப் போன்ற காரத் தன்மை. ஆகவே சுருட்டின் நிகோடின் மார்புக்குள் போகவேண்டிய அவசியமே இல்லாமல் வாயின் சவ்வு வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவு புகையிலைகூட இருக்கும். உள்ளுக்கு இழுக்காமல் வாயிலேயே நிறுத்துகிற நயம் இருக்கிறதே, அந்த நயந்தான் வாய்க்கும் தொண்டைக்கும் எமன். ஹவானாவுக்கும் இதில் விலக்குக் கிடையாது. பொன் மோதிரம் கழுத்துக்குக் கீழே செல்லுபடியாகாது.

கடைசி மாதத்தில் தகப்பனாருக்குப் பேச்சு இல்லை. ஒரு நாள் ஜாடை காட்டி, அலமாரியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து வரச் சொன்னார். பற்றவைக்கக் கேட்கவில்லை. மூக்கருகில் வைத்து ஒரு முறை முகர்ந்துவிட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அது உறையூர்ச் சுருட்டு. நான் வாங்கி வந்தது.

அன்று ஐப்பசி மழையில், பாதிக்கு மேல் அந்தச் சுருட்டை நான் பிடிக்கவில்லை. மார்க்குக்கு வேண்டிய அளவு முடிந்ததும் தட்டில் வைத்துவிட்டேன். சுருட்டை நசுக்கி அணைப்பது மரியாதை அல்ல. தானாக அணையவிட வேண்டும் என்பது ரஸிகர்களின் விதி. அது அணைகிற வரையில் மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

"பட்டியலில் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று, வாத்தியார் ஐயா" என்றார் பெரியவர், தம் மார்பைத் தொட்டுக் காட்டி. "இதற்கு எத்தனை மார்க்குக் கழிப்பது?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது. நூறும் கழிந்துவிடும். நல்ல சுருட்டு என்பது வேறு, சுருட்டு நல்லது என்பது வேறு. முதலாவதை மனசாரச் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால் பொய் சாட்சி. உறையூரில் ஒரு கை இலையைச் சுருட்டுகிற அழகை நான் என்றைக்கும் புகழ்வேன். என் வகுப்புப் பையன் ஒருவன் கையில் அதைக் கண்டால் பிடுங்கி எறிவேன். இரண்டும் ஒரே மனிதன் செய்கிற காரியந்தானா என்று கேட்டால், ஆம், ஒரே மனிதன்தான். பேப்பரில் கையெழுத்து முத்து முத்தாக இருந்தால் அதற்குரிய மார்க்கைக் கொடுத்துவிட்டு, விடை தப்பு என்று சிவப்பு மையில் அடிக்கிறோம் அல்லவா?

சிங்கப்பூர் மாணவன் விடுமுறை முடிந்து திரும்பும் சமயம் பெட்டியை என்னிடம் நீட்டினான். ஹவானா ஒன்றும் உறையூர் ஒன்றும் பாக்கி. "ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஸார்" என்றான். ஹவானாவை அவனிடமே கொடுத்துவிட்டேன். உறையூர்ச் சுருட்டு என் மேஜை அறையில் இருக்கிறது. மேல்காற்றில் அது சருகாகிவிடும் என்று தெரியும். ஆகட்டும். எப்போதாவது முகர்ந்து பார்ப்பதற்குத்தானே?

இந்தக் கதை முழுவதையும் வீட்டில் சொன்னேன். அகமுடையாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் காப்பி டம்ளருடன் திரும்பி வந்தாள். மறு கையில் ஒரு துண்டு இருந்தது.

"கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள், பார்ப்போம்" என்றாள். "இருபது வருஷத்து 100-க்கு 100 நிஜமா, இல்லையா?"